ஆறு முறை நகர்ந்த கடிகாரமும் நம் பிள்ளைகளின் தூக்கமும்



முதல் பாடவேளை. காலை மணி 7.45. வெண்பலகையில் "மலாயன் யூனியன், 1946" என்று எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறீர்கள். பின்வரிசையில் ஒரு தலை மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. "டேய், எழுந்திரு! ராத்திரி முழுக்க என்ன பண்ணிக்கிட்டிருந்தே?" என்று கேட்போம். வகுப்பு சிரிக்கும். பையன் எழுந்து நிற்பான். கண் மட்டும் எழுந்திருக்காது.

நானும் அப்படிக் கேட்டவன்தான். ஒருமுறை படிவம் நான்கு மாணவன் ஒருவனை வகுப்பின் பின்னால் நிற்க வைத்தேன். சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டான். அடுத்த வாரம் அவன் அம்மாவைச் சந்தித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பள்ளிப் பேருந்து 5.40-க்கு வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அவன் எழுவது 5 மணிக்கு. "பதினொன்றரைக்குத்தான் சார் படுக்கிறான். பத்து மணிக்கே படுடான்னா, தூக்கம் வரலம்மாங்கிறான்" என்றார். சாக்குச் சொல்கிறான் என்றே நானும் நினைத்தேன். அவன் சொன்னது உண்மை என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

ஐந்தரை மணி நேரத் தூக்கத்தோடு வந்த பிள்ளையைத்தான் நான் நிற்க வைத்திருக்கிறேன். அவனுக்கு ஏன் பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை? ஏன் காலை 7.45-க்குக் கண் திறக்கவில்லை? அறிவியல் ஆசிரியரிடம் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். வரலாற்று ஆசிரியரிடமும் ஒரு பதில் இருக்கிறது. அது வகுப்பறைச் சுவரில் தொங்கும் கடிகாரத்தின் கதை. 1905 தொடங்கி 1982 வரை அந்தக் கடிகாரம் ஆறு முறை நகர்த்தப்பட்டது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சூரியன் ஒன்று சொல்ல, கடிகாரம் ஒன்று சொல்ல

முதலில் ஒரு சின்னக் கேள்வி. கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது எத்தனை மணிக்கு? "பன்னிரண்டு மணிக்கு, சார்" என்றுதான் வகுப்பு சொல்லும். ஆனால் ஆண்டுச் சராசரியில் அது பிற்பகல் 1.13-க்குத்தான் நடக்கிறது. சிங்கப்பூரில் ஏறத்தாழ 1.05. பள்ளிவாசலிலிருந்து நண்பகல் தொழுகைக்கான அழைப்பு ஒரு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோ கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்த பிறகே அந்தத் தொழுகை நேரம் தொடங்கும். அது சூரியனைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. நம் பள்ளி மணி அடிப்பதோ அரசாங்கக் கடிகாரத்தைப் பார்த்து.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். கோலாலம்பூர் கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 101.7 பாகையில் இருக்கிறது. நான்கால் பெருக்கிப் பாருங்கள்: 6 மணி 47 நிமிடம். அதுதான் கோலாலம்பூரின் இயற்கையான நேரம். ஆனால் நாம் இன்று பயன்படுத்துவது கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முந்திய நேரம். அது 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. அந்தக் கோடு தீபகற்பத்தின் பக்கமே வருவதில்லை. சபாவைக்கூடத் தொடாமல், அதற்கும் கிழக்கே பிலிப்பைன்ஸ் பக்கமாகப் போகிறது. ஆக, கோலாலம்பூர்க் கடிகாரம் சூரியனைவிட 73 நிமிடம் முந்தி ஓடுகிறது. பினாங்கில் ஏறத்தாழ 79 நிமிடம். சிங்கப்பூரில் ஏறத்தாழ 65 நிமிடம். கோத்தா கினபாலுவில் இந்த வேறுபாடு வெறும் 16 நிமிடம்தான்.

முதல் மூன்று நகர்வுகள்: 1905, 1933, 1941

ஒரு காலத்தில் ஒவ்வொரு பெரிய ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வருவதை வைத்தே மணி பார்த்தது. சிங்கப்பூரின் நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 55 நிமிடம் 25 வினாடி முந்தியது. மாட்டு வண்டிக் காலத்தில் இதில் சிக்கல் இல்லை. இரயிலும் தந்தியும் வந்த பிறகு ஊருக்கு ஒரு நேரம் என்பது ஒத்துவரவில்லை. 1905 ஜூன் 1 முதல் 105 பாகைத் தீர்க்கரேகையின் நேரம், அதாவது கிரீன்விச்சுக்கு 7 மணி முந்திய நேரம், இங்கே பொது நேரமானது. இதுதான் முதல் நகர்வு. சிங்கப்பூருக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. கோலாலம்பூரின் இயற்கையான நேரத்தோடு ஒப்பிட்டால் 13 நிமிடம். யார் தூக்கமும் கெட்டிருக்காது.

இரண்டாவது நகர்வு வேறு வகை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் பகலும் இரவும் கிட்டத்தட்டச் சம அளவுதான். அலுவலகம் முடிந்து வெளியே வந்தால் சற்று நேரத்தில் இருட்டிவிடும். மாலையில் விளையாடவும் உலாவவும் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்ற பேச்சு 1920-களிலேயே சட்டமன்றத்தில் எழுந்தது. கடைசியில் 1933 ஜனவரி 1 முதல் கடிகாரம் 20 நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. மூன்றாவதாக, 1941 செப்டம்பர் 1 அன்று மேலும் 10 நிமிடம் தள்ளினார்கள். ஏழரை மணி நேரம் வந்துவிட்டது.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாலையில் சேர்த்த 20 நிமிட வெளிச்சம் வானத்திலிருந்து புதிதாக வரவில்லை. காலையிலிருந்து எடுத்து மாலைக்குக் கொடுத்ததுதான். மாலை விளையாட்டுக்குப் போகிறவர் பெற்றதை, காலையில் இருட்டில் எழுகிறவர் இழந்தார்.

பால்மரம் பார்த்த நேரம்

அப்படியானால் தோட்டத்தில் இருந்த நம் மக்கள்? 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் பூமலைக்கு வந்து சேர்ந்தன. அதற்குப் பின் சில பத்தாண்டுகளில் மலாயாத் தோட்டங்களில் நம்மவர் வாழ்க்கை முழுவதும் அந்த மரத்தின் நேரத்துக்குக் கட்டுப்பட்டுப்போனது.

ரப்பர் மரம் வெயில் ஏறும் முன்பே நன்றாகப் பால் கொடுக்கும். இரவின் குளிர்ச்சியில் இலைகள் நீரை அதிகம் இழப்பதில்லை. பட்டைக்குள் உள்ள பால் குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். கத்தி பட்டதும் பால் வேகமாக வடியும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்துவிடும். அதனால்தான் விடியும் முன்பே பெரட்டு. கங்காணி பேர் கூப்பிடுவார். தாய்மார்கள் தூங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றி ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார்கள்.

அந்தத் தூக்கத்தை நான் போற்றிப் பாட வரவில்லை. லயத்து நெருக்கடி, கொசு, காய்ச்சல் எல்லாம் இருந்தன. பெண்கள் மற்றவர்களுக்கு முன்னே எழுந்து, கடைசியாகப் படுத்தார்கள். ஆனாலும் ஒன்று உண்மை. மண்ணெண்ணெய் விளக்கின் காலத்தில் பொழுது சாய்ந்த சில மணி நேரத்தில் லயம் அடங்கிவிடும். விடியுமுன் எழ வேண்டியிருந்ததால் இரவும் அதற்கேற்பச் சீக்கிரமே தொடங்கியது. எழும் நேரம், படுக்கும் நேரம் இரண்டும் சூரியனோடு சேர்ந்தே இருந்தன. "அந்தக் காலத்துல நாலு மணிக்கே எழுந்திரிச்சோம்" என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். சரிதான். ஆனால் எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நாம் பிள்ளைகளிடம் முதல் பாதியை மட்டும் சொல்லி, இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறோம்.

டோக்கியோ நேரம்: நான்காவதும் ஐந்தாவதும்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. ஊர் பெயர் சியோனான் ஆனது. நாணயம் மாறியது, பள்ளியில் மொழி மாறியது, கடிகாரமும் மாறியது. கிரீன்விச்சுக்கு 9 மணி நேரம் முந்திய டோக்கியோ நேரம் மலாயா முழுவதும் திணிக்கப்பட்டது. கடிகார முள் ஒரே அடியாக ஒன்றரை மணி நேரம் முன்னே போனது. கோலாலம்பூரில் காலை 8 மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் சூரியன் உதித்தது. ஆதிக்கம் செய்கிறவன் நிலத்தை மட்டுமல்ல, நேரத்தையும் பிடிக்கிறான் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் பாடநூலில் கிடைக்காது. 1945 செப்டம்பரில் ஜப்பானியர் சரணடைந்த பிறகு, பழையபடி ஏழரை மணி நேரத்துக்கே திரும்பினோம்.

ஆறாவது நகர்வு: 1982

அதற்குப் பிறகு 36 ஆண்டுகள் கடிகாரம் அசையவில்லை. தீபகற்பமும் சிங்கப்பூரும் ஏழரை மணி நேரத்தில். சபாவும் சரவாக்கும் எட்டு மணி நேரத்தில். ஒரே நாட்டில் அரைமணி நேர வேறுபாடு. 1981 ஜூலையில் பிரதமரான மகாதீர் முகமது அந்த ஆண்டின் இறுதியில் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று அறிவித்தார். 1981-இன் சட்டம் 271 அதைச் சட்டமாக்கியது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனபோது தீபகற்ப மக்கள் முள்ளைத் திருப்பி 12.00-இல் வைத்தார்கள். புத்தாண்டு அரைமணி நேரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. வணிகமும் பயணமும் தடைப்படக்கூடாது என்று சிங்கப்பூரும் அதே நாளில் மாறிக்கொண்டது.

காரணம் நியாயமானதே. நாட்டை ஒன்றிணைப்பது சின்ன வேலையா? ஆனால் விலை ஒன்று இருந்தது. கோலாலம்பூரில் சூரியன் இப்போது ஏறத்தாழ 6.55 முதல் 7.30 வரை உதிக்கிறது. பள்ளி மணி 7.30-க்கு அடித்தால், சூரியக் கணக்கில் கோலாலம்பூரில் அது காலை 6.17. 1905-இன் கடிகாரப்படி 7.30-க்கு அடித்த மணி, சூரியக் கணக்கில் 7.17. அதாவது, கடிகாரத்தில் அதே 7.30 என்றாலும், கொள்ளுப்பேரனின் உடலுக்கு அது கொள்ளுத்தாத்தாவைவிட ஒரு மணி நேரம் முன்னதாக வருகிறது.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

"பழகினா சரியாயிடும் சார்" என்று சிலர் சொல்வார்கள். உடல் பழகுமா? இதற்கு விடை தேடிய வரலாறும் நம் பள்ளித் திடலில் முளைக்கும் ஒரு செடி வகையிலிருந்துதான் தொடங்குகிறது.

1729-இல் பிரெஞ்சு வானியலாளர் மேரான், தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். பகலில் விரிந்து இரவில் மூடும் அதன் இலைகள், வெளிச்சமே இல்லாதபோதும் அதே ஒழுங்கில் விரிந்து மூடின. செடிக்குள்ளேயே ஏதோ ஒன்று நேரம் பார்க்கிறது என்பதற்கு அதுவே முதல் தடயம்.

மனிதனுக்கும் அப்படி ஒன்று உண்டா? 1938-இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் நத்தேனியல் கிளெய்ட்மனும் அவருடைய மாணவர் ரிச்சர்ட்சனும் அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் குகைக்குள் 32 நாட்கள் தங்கினார்கள். வெயில் இல்லை, வெப்பநிலை மாற்றம் இல்லை. 24 மணி நேரத்துக்குப் பதிலாக 28 மணி நேரத்தை ஒரு நாளாக வைத்து வாழ முயன்றார்கள். இளைஞர் ரிச்சர்ட்சனின் உடல் ஓரளவு ஒத்துழைத்தது. 43 வயதான கிளெய்ட்மனின் உடலோ பழைய 24 மணி ஒழுங்கை விடவே இல்லை. உடல் கடிகாரத்தை நினைத்தபடி நீட்டவோ குறுக்கவோ முடியாது என்பது அந்தக் குகையில் தெரிந்தது. பழ ஈக்களை ஆராய்ந்து, அந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது.

நம் கடிகாரம் கடைசியாக நகர்ந்த அதே 1982-இல்தான், அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் தூக்கத்தை இரண்டு விசைகளால் விளக்கினார். ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பசிபோல ஏறிக்கொண்டே போகும் தூக்கத் தேவை. மற்றொன்று, இப்போது விழி, இப்போது தூங்கு என்று சொல்லும் உடல் கடிகாரம். இரண்டும் ஒத்துப்போனால்தான் நல்ல தூக்கம். மனித உடல் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். அதைத் தினமும் திருத்தி வைப்பது வெளிச்சம். காலை வெளிச்சம் அதை முன்னே இழுக்கும். மாலை, இரவு வெளிச்சம் பின்னே தள்ளும்.

இப்போது அந்தப் படிவம் நான்கு மாணவனிடம் திரும்பிப் போவோம். பேருந்தில் ஏறும்போது இருட்டு. வெளிச்சம் வரும்போது அவன் வகுப்பறைக்குள். ஆக, காலை வெளிச்சம் அவனுக்குப் போதிய அளவு கிடைப்பதில்லை. மாலையிலோ ஏழு மணி தாண்டியும் வெயில். அதற்குப் பிறகு டியூஷன் சென்டரின் விளக்கு. அதற்குப் பிறகு கைப்பேசித் திரை. போதாக்குறைக்கு, பருவ வயதில் உடல் கடிகாரம் இயல்பாகவே தாமதமாகும் என்று மேரி கார்ஸ்கடன் என்ற ஆய்வாளரின் ஆய்வுகள் 1990-களில் காட்டின. இத்தனையும் சேர்ந்தால் பத்து மணிக்கு எப்படித் தூக்கம் வரும்? "தூக்கம் வரலம்மா" என்று அவன் சொன்னது பொய்யல்ல. அவன் உடல் சொன்ன மணி அது.

பிற நாட்டிலும் இது தெரிய வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரே நேர மண்டலத்தின் எல்லைக்கோட்டுக்கு இருபுறமும் வாழ்கிறவர்களை ஒப்பிட்டு 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. கடிகாரப்படி தாமதமாக இருட்டும் பக்கத்தில் இருப்பவர்கள் இரவுக்குச் சராசரியாக 19 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள். அலுவலகமும் பள்ளியும் தொடங்கும் நேரம் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதானே!

நியாயமாகவும் பேச வேண்டும். எல்லாப் பழியையும் 1982-இன் மேல் போட முடியாது. கைப்பேசியும் டியூஷனும் சாலை நெரிசலும் அந்த ஆண்டு வந்தவை அல்ல. ஆனால் ஏற்கெனவே இழுத்துக் கட்டிய கயிற்றின்மேல்தான் நாம் இவற்றையெல்லாம் ஏற்றியிருக்கிறோம்.

தூக்கம் குறைந்தால் என்ன ஆகும்?

பதின்ம வயதினருக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம். ஐந்தரை மணி நேரம் தூங்கும் பிள்ளை, பள்ளி நடக்கும் ஐந்து இரவுகளில் குறைந்தது பன்னிரண்டரை மணி நேரத்தை இழக்கிறது.

"எனக்கு ஆறு மணி நேரம் போதும்" என்று சொல்லும் மாணவர்களும், ஆம், ஆசிரியர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 2003-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 48 பெரியவர்களைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்குமேல் தூங்க விடப்படாதவர்களின் கவனம், ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் அளவுக்கு இறங்கியது. இதில் அச்சமூட்டும் செய்தி என்ன தெரியுமா? தங்கள் கவனம் இவ்வளவு கெட்டுப்போனது அவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. கொஞ்சம் தூக்கக் கலக்கம், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். தூக்கமின்மை முதலில் பறிப்பது, அதை உணரும் அறிவைத்தான்.

உடல் பக்கம் பார்த்தால், 1999-இல் சிக்காகோவில் நலமான இளைஞர்கள் 11 பேரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்க விட்டார்கள். அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. இனிப்புநீர் இல்லாத வீடு அரிது என்று சொல்லும் நம் சமூகத்துக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. 2015-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளிக் கிருமி தொற்றி நோயாக மாறும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்குமேல் தூங்கியவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது.

தேர்வெழுதும் தம்பி தங்கைகளுக்கு

எஸ்.பி.எம்., சாதாரண நிலைத் தேர்வு என்று வந்துவிட்டால் விடிய விடியப் படிப்பது நம்மிடையே பெருமையாகிவிட்டது. அதற்கும் ஒரு வரலாற்றுச் சான்றைச் சொல்கிறேன்.

1924-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். இரண்டு மாணவர்கள் பொருளற்ற அசைகள் பத்தை மனப்பாடம் செய்தார்கள். சில நாட்கள் இரவில் மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கினார்கள். சில நாட்கள் காலையில் செய்துவிட்டு விழித்திருந்தார்கள். எட்டு மணி நேரத்துக்குப் பின், விழித்திருந்தபோது பத்தில் ஏறத்தாழ ஒன்றே நினைவில் இருந்தது. தூங்கி எழுந்தபோது ஐந்தாறு இருந்தன. பகலில் படித்ததைத் தூக்கத்தின்போது மூளை மீண்டும் புரட்டிப் பார்த்து உறுதிப்படுத்துகிறது என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

ஆக, தூங்கும் நேரத்தில் படிப்பு நின்றுவிடவில்லை. நீங்கள் படித்த ஆண்டுகளும் ஒப்பந்தங்களும் அப்போதுதான் தலையில் பதிகின்றன. தேர்வுக்கு முந்திய இரவு மூன்று மணிவரை விழித்திருப்பவர், புத்தகத்தைப் புரட்டியிருப்பார். பதியவைக்கும் நேரத்தை மட்டும் விட்டிருப்பார்.

சிங்கப்பூரில் ஒரு பள்ளி செய்தது

"கடிகாரத்தை நம்மால் திருப்ப முடியுமா?" முடியாது. ஆனால் மணியடிக்கும் நேரம் மனிதர்கள் முடிவு செய்வதுதானே. 2016 ஜூலையில் சிங்கப்பூரின் நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி தன் தொடக்க நேரத்தை 7.30-இலிருந்து 8.15-க்கு மாற்றியது. ஆய்வாளர்கள் 375 மாணவிகளிடம் கேட்டறிந்தார்கள். "முக்கால் மணி நேரம் தள்ளிவெச்சா, முக்கால் மணி நேரம் லேட்டாத்தான் படுக்கும்" என்பதுதான் பலருடைய சந்தேகமாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒரு மாதத்துக்குப் பின் படுக்கைக்குப் போகும் நேரம் சராசரியாக 9 நிமிடம்தான் தள்ளிப்போனது. எழும் நேரம் அரைமணிக்கும் சற்றே கூடுதலாகத் தள்ளிப்போனது. படுக்கையில் கழித்த நேரம் 23 நிமிடம் கூடியது. ஒன்பது மாதம் கழித்தும் அந்தப் பலன் நிலைத்தது. பகல் தூக்கக் கலக்கம் குறைந்தது, மனநிலையும் மேம்பட்டது.

எல்லாப் பள்ளிகளாலும் இதைச் செய்ய முடியாது. பேருந்து, இரண்டு வேளைப் பள்ளி, பெற்றோரின் வேலை நேரம் என்று பல கட்டுகள் உண்டு. அதுவரை நம் கைக்கு எட்டியதைச் செய்வோம்.

• ஆசிரியர்களே, தூங்கும் பிள்ளையிடம் "என்ன பண்ணினே?" என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தாய்? எத்தனை மணிக்குப் பேருந்து? எத்தனை மணிக்குத் தூக்கம் வந்தது? பதிலைக் கேட்ட பிறகு நமக்குக் கோபம் வராது. தேவைப்பட்டால் முகம் கழுவி, வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் நடந்துவர அனுப்புங்கள்.
• முடிந்தால் சோதனைகளை முதல் பாடவேளையில் வைக்காதீர்கள்.
• மாணவர்களே, ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் திடலோரம் வெளிச்சத்தில் நில்லுங்கள். இரவில் படுக்கும் முன் ஒரு மணி நேரம் கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள்.
• பள்ளி விட்டு வந்ததும் இருபது நிமிடம் கண்ணயரலாம். மாலையில் நீண்ட தூக்கம் வேண்டாம்; அது இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும்.
• மாலைக்குப் பிறகு காப்பியும் தே தாரிக்கும் வேண்டாம். குடித்த காப்பியின் ஊக்கப்பொருளில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும்.
• பெற்றோர்களே, பிள்ளை தினமும் பலமாகக் குறட்டை விட்டால், தூக்கத்தில் மூச்சுத் திணறினால், கிளினிக்கில் காட்டுங்கள். அது ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளம் அல்ல.

நினைவில் கொள்ள

1905 ஜூன் 1: கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முன்
1933 ஜனவரி 1: 7 மணி 20 நிமிடம்
1941 செப்டம்பர் 1: 7 மணி 30 நிமிடம்
1942 பிப்ரவரி: டோக்கியோ நேரம், 9 மணி நேரம்
1945 செப்டம்பர்: மீண்டும் 7 மணி 30 நிமிடம்
1982 ஜனவரி 1: 8 மணி நேரம்

வகுப்பில் செய்து பார்க்க

பள்ளித் திடலில் ஒரு குச்சியை நேராக நட்டு, பிற்பகல் 12.45 முதல் 1.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நீளத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். நிழல் மிகக் குட்டையாகும் நேரமே உங்கள் ஊரின் உண்மையான நண்பகல். மாதத்துக்கு மாதம் அது கால் மணி நேரம்வரை முன்பின் ஆகும். பிறகு கேளுங்கள்: "1933-இல் கடிகாரத்தை நகர்த்தியவர்கள் யாருக்காக நகர்த்தினார்கள்? 1942-இல்? 1982-இல்? ஒவ்வொரு முறையும் யாருடைய காலை இருண்டது?" ஆதாரத்தோடு விடை எழுதச் சொல்லுங்கள். நல்ல கட்டுரைகள் வரும்.

என் வகுப்பில் நின்றபடி தூங்கிய அந்த மாணவனிடம் நான் பிறகு பேசினேன். அவன் இருக்கையை சன்னலோரம் மாற்றினேன். முதல் பாடவேளையில் அவனைக் கேள்வி கேட்பதை நிறுத்தி, மூன்றாம் பாடவேளையில் கேட்டேன். பெரிய மாயம் ஒன்றும் நடக்கவில்லை; ஆனால் அவன் பதில் சொன்னான். அவனை நிற்க வைத்த அந்த நாளுக்காக மன்னிப்பும் கேட்டேன். "பரவாயில்ல சார், எனக்கு அது ஞாபகமே இல்ல" என்றான். தூங்கிக்கொண்டுதானே இருந்தான்.

இன்றிரவு சீக்கிரம் விளக்கை அணையுங்கள்.